வெள்ளைக்கல் வந்த வழி

பல்லடம் தாண்டி, மழையில்லாமல் காய்ந்த ஒரு தோட்டத்தோரம் எங்கள் ஜீப் பஞ்சராகி நிற்கிறது. நான் பாறைகளைப் பற்றிப் படிப்பவன் என்று டிரைவர் சொல்லிவிட, கிணற்று மேட்டிலிருந்து ஒரு பெண் ஓடி வருகிறார். சரஸ்வதி, பனியன் கம்பெனி டெய்லர். கையில் மஞ்சள் மின்னும் வெள்ளைக்கல்.

"ஏனுங்க, இது தங்கமுங்களா? கெணத்துக்குள்ள இதப் பாத்துட்டு எங்கூட்டுக்காரரு மூணு நாளா கெணறு வெட்டறத நிறுத்திப் போட்டாருங்க."

கத்தி முனையால் அழுத்துகிறேன். மஞ்சள், கறுப்புத் தூளாக நொறுங்குகிறது. தங்கமென்றால் நசுங்கும், நொறுங்காது.

"தங்கமில்லீங்க. ஆனா தங்கம் வர்ற வழி இதேதான். ஒரு காலத்துல ரெண்டு கண்டம் முட்டிக்கிட்டு இங்க மலை எழும்புச்சு. அந்த நெருக்கத்துல, சூட்டுல, அடியிலிருந்து கொதிதண்ணி பாறை வெடிப்பு வழியா மேல ஏறுச்சு. அது ஆறி விட்டுட்டுப் போனதுதான் இந்தக் கல்லு. சில எடத்துல தங்கத்தையும் விட்டுட்டுப் போகும்."

சரஸ்வதி கல்லைத் தடவியபடி யோசிக்கிறார்.

"அப்ப அந்த வெடிப்புல இப்பவும் தண்ணி வருமுங்களா?"

எனக்கு இது தோன்றவே இல்லை. "வரலாமுங்க."

அவர் கிணற்றுக்குள் குனிந்து, அடியில் இன்னும் மஞ்சள் மின்னும் கல்லைத் தேடிக்கொண்டிருக்கும் கணவரிடம் கத்துகிறார். "மாமா, தங்கமில்லையாமா! வெள்ளைக்கல்லு போற பக்கமே வெட்டுங்க!"

டயர் மாட்டியாகிவிட்டது. டிரைவர் கூப்பிடுகிறார். நான் நகரவில்லை. வெகுநேரம் கழித்து, கீழேயிருந்து அவர் கணவர் ஈரக்கையை மேலே உயர்த்திக் காட்டுகிறார்.