நாலு மணி நாற்காலி

காக்களூரில் என் பக்கத்து வீட்டில் தனியாகக் குடியிருந்தார், ஆஸ்பத்திரி ஆயாவாக இருந்து ஓய்வுபெற்ற அந்த அம்மா. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை செய்யும் மகன் பொங்கலுக்கு மட்டும் வருவார். தினமும் நாலு மணிக்கு அந்த அம்மா நரைத்த தலையைப் படிய வாரி, எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டு, வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்.

"யாராவது வராங்களாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாலு மணி விசிட்டிங் டைம்பா. அதுக்குள்ள வார்டுல எல்லாருக்கும் தலை வாரி உட்டுடுவேன்."

"யாரும் வராதவங்களுக்கு?"

"அவங்களுக்குத்தான் மொதல்ல."

மறுநாள் என் ஷிப்ட் முடிந்ததும், நாலு மணிக்கு அந்தக் காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னாபா, யாரப் பாக்கணும்?" என்றார்.

"உங்களத்தான்மா."

அவர் உள்ளே போய், ஏற்கெனவே வாரியிருந்த தலையை மறுபடி வாரிக்கொண்டு வந்தார்.