மூக்குப்பேணிக்கு இலக்கம் போட்ட கதை

முதுமாணிப் படிப்பின் கடைசித் தவணையில் எங்களைப் பழம்பொருள்கள் வைக்கும் ஒரு சிறிய நூதனசாலையின் களஞ்சிய அறைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எங்களை என்றால், என்னையும் வட்டுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வரும் என் தோழியையும். பயிற்சி முடியும்போது எங்களில் ஒருத்தியை உதவியாளர் வேலைக்குப் பொறுப்பாளர் சிபாரிசு செய்வார் என்று பேச்சு. அந்த ஒருத்தி நான்தான் என்று முதல் நாளே முடிவுகட்டிவிட்டேன். தோழியிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வேலை இதுதான். இலக்கமில்லாத பொருளின் அடியில் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, நிறமற்ற வார்னிஷ் ஒரு பூச்சு. காய்ந்ததும் மெல்லிய பேனையால் இலக்கம். அதற்கு மேல் இன்னொரு பூச்சு. பிறகு பெயர், உலோகம், நிலை, வரலாறு என்று எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதவேண்டும். எழுதியதை அழிக்கக்கூடாது. பதிவேட்டில் ஏறிய பொருள் பொறுப்பாளரின் கையெழுத்து இல்லாமல் கதவைத் தாண்டக்கூடாது. அந்தப் பதிவேட்டையே நாங்கள் கையுறை போட்டுக்கொண்டுதான் தொட்டோம். அதற்குத் தேவையில்லை என்று ஒரு கிழமை கழித்துத்தான் யாரோ சொன்னார்கள்.

அறையைக் கூட்டித் துடைத்து, பத்து மணிக்கு எங்களுக்குத் தேநீர் தந்தவர் ஒரு அக்கா. கோப்பாயிலிருந்து சைக்கிளில் வருவார். எங்களுக்குக் கண்ணாடிக் கிளாஸில் தருவார். அவர் எதில் குடித்தார் என்று நான் பார்த்ததேயில்லை.

நாலாவது கிழமையில் ஒருநாள் பின்னேரம், யன்னலோரத்தில் ஒரு பித்தளை மூக்குப்பேணி கவிழ்ந்திருந்தது. அண்ணாந்து ஊற்றிக் குடிக்க வசதியாக மூக்கு வைத்த பேணி. இலக்கம் இல்லை. யாரோ தட்டில் வைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, வார்னிஷைத் திறந்தேன். பிறகு எழுதினேன்: 'மூக்குப்பேணி. பித்தளை. மூக்கின் நுனி நெளிந்துள்ளது. உட்புறத்தில் கபிலநிறப் படிவு, தன்மை அறியப்படவில்லை. அடியில் இரண்டு எழுத்துகள், செய்தவரின் அடையாளமாக இருக்கலாம். வரலாறு தெரியவில்லை.'

பொறுப்பாளர் வாசித்துவிட்டுத் தோழியிடம் திரும்பினார். "உப்பிடித்தான் பதியவேணும்," என்றார். பேணியை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அடுத்த நாள் பத்து மணிக்கு அக்கா மேசை லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். வாளிக்குப் பின்னாலும் பார்த்தார்.

"பிள்ளையள், என்ரை பேணியைக் கண்டனீங்களே? நேற்றுக் கழுவி யன்னலடியிலை கவிட்டு வைச்சனான்."

அலுமாரியின் பக்கம் நான் திரும்பவில்லை. "இல்லை அக்கா," என்றேன். கூசாமல் சொன்ன பொய்.

"அம்மாவின்ரை பேணி. சண்டை நேரம் கொடிகாமத்துக்கு இடம்பெயர்ந்து போகேக்கை சைக்கிள் ஹாண்டிலிலை கொழுவிக்கொண்டு போனவ. மூக்கு நெளிஞ்சது அப்பத்தான். அடியிலை அவவின்ரை பேரின்ரை எழுத்து ரெண்டும் இருக்கு."

அன்றைக்கு அவர் எங்கள் கிளாஸ் ஒன்றை எடுத்தார். வாய் வைத்துக் குடித்துப் பழக்கமில்லை. அண்ணாந்து ஊற்றியதில் பாதித் தேநீர் சட்டையில் சிந்தியது. துடைத்துக்கொண்டு போனார். எனக்கு வெட்கமாக இருந்தது, அவருக்காக அல்ல.

தோழி கையுறையைக் கழற்றினாள். "சேரிட்டை நீ சொல்லுறியோ, நான் சொல்லவோ?"

அவள் சொன்னால் வேலை அவளுக்கு. நான் சொன்னாலும் அவளுக்குத்தான். நானே போனேன்.

பொறுப்பாளர் முழுவதையும் கேட்டுவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார்.

"வரலாறு தெரியாதெண்டு எழுதியிருக்கிறீர். ஆரிட்டைக் கேட்டனீர்?"

"ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை சேர்."

சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, பேணியை விடுவிப்பதற்கான காரணத்தை என்னையே எழுதச் சொன்னார். எத்தனை யோசித்தும் உத்தியோகத் தமிழில் வேறொன்றும் வரவில்லை. 'உரிமையாளருக்குத் தேநீர் அருந்தத் தேவைப்படுகிறது' என்று எழுதினேன். முகத்தில் சிரிப்பே இல்லாமல் கையெழுத்து வைத்தார். ஆனால் கையெழுத்து ஆடியிருந்தது. சிபாரிசுக் கடிதம் அடுத்த கிழமை தோழிக்குப் போனது. அவள் அதற்குத் தகுதியானவள்தான். இரண்டு நாள் எரிச்சலாக இருந்ததையும் மறைக்கவில்லை.

கையெழுத்துக் கிடைத்த உடனேயே பேணியையும், இலக்கத்தை அழிக்கப் பஞ்சும் திரவமும் எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். அவர் பேணியைத் திருப்பி, இலக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அழிக்க வேண்டாம். அம்மாவின்ரை எழுத்துக்குப் பக்கத்திலைதானே கிடக்கு," என்றார். "நாலு கிழமையா உமக்குத் தேத்தண்ணி தாறன் பிள்ளை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

அன்றைக்குத்தான் நான் அவருடைய பெயரைக் கேட்டேன்.