விதவை வேடத்துக்கு ஆள் தேடிப் போனது

2003 ஏப்ரல், வியாழக்கிழமை. காலை ஆறு மணிக்கு அரியலூரில் ரயிலை விட்டு இறங்கினேன். ஜெயங்கொண்டத்துக்கு பஸ் டிக்கெட் பதினோரு ரூபாய். அங்கிருந்து வரதராஜன்பேட்டைக்கு டவுன் பஸ். பக்கத்து சீட்டுக்காரர் என் மடியிலிருந்த தாள்கட்டைப் பார்த்து, "பரீட்சை பேப்பருங்களா?" என்றார். "ஆப்பிரிக்க நாடகம்" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நைஜீரியப் பெண் ஒருவர் எழுதியது. புருஷன் செத்ததும் மனைவியை அறையில் அடைத்துவிட்டு, அவன் தம்பி நிலத்தை எடுத்துக்கொள்கிறான். பன்னிரண்டு வருடமாகக் கல்லூரியில் பாடம் நடத்திய எனக்கு, அதைத் தமிழில் மேடையில் பார்க்க ஆசை. முந்திரி உடைக்கும் பெண்கள் எட்டுப் பேர் சம்மதித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அரங்கேற்றம்.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தால், விதவை வேடத்துக்கு ஆளில்லை. அவர்களுடைய மகளிர் குழுத் தலைவி செல்வராணி சொன்னாள்: "தாலியோட இருக்கறவள பொட்டழிக்கச் சொல்றீங்களே டீச்சர். நீங்களே அழிச்சுக்கிட்டு நில்லுங்களேன்." எனக்குக் கோபம் வந்தது. ஆனால் என் கையும் நெற்றிக்குப் போகவில்லை.

ஒப்பாரியையாவது பழகலாம் என்றேன். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி கூடாது என்று முந்திரித் தோப்புக்குக் கூட்டிப்போனார்கள். பாட ஆரம்பித்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. ரோட்டில் போன ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்து, செல்வராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரு பாட்டு முழுசாக அழுது முடித்த பிறகுதான், "யாருடி போயிட்டா?" என்று கேட்டாள்.

நாடகம் என்றதும் திட்டப்போகிறாள் என்று பயந்தேன். அவள் பெயர் அஞ்சலை. புருஷன் போய் நாலு வருடம். அரைக் காணி நிலமும் கையை விட்டுப் போனதாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு கதையைக் கேட்டாள்.

"அந்த ஊர்லயும் கொழுந்தன்தான் எடுத்துக்கிட்டானா?" என்றாள். பிறகு, "நான் கட்டுறேன் அந்த வேசத்த. எனக்கு அழிக்கப் பொட்டு இல்ல" என்றாள்.

எனக்குச் சந்தோஷப்படவும் வெட்கமாக இருந்தது.

மாலை நாலரை பஸ்ஸுக்கு என்னோடு நடந்து வந்தாள். "கடைசியில நெலம் அவளுக்குக் கெடச்சுதுங்களா?"

"தெரியாது. அவ பேசாம உட்கார்ந்திருக்கறதோட நாடகம் முடியுது." அந்த மௌனத்தைப் புகழ்ந்து முப்பது பக்கம் எழுதியவள் நான்.

"அப்படி வுட்டுடாதீங்க. ஞாயித்துக்கெழம எங்கொழுந்தனும் பாக்க வருவான். மேடையிலயே அவன் மொகத்தப் பாத்து என் நெலத்தக் கேட்டுர்றேன்."

பஸ் வந்துவிட்டது. நாடகத்தை எழுதியவரிடம் அனுமதி கேட்க நேரமில்லை. கேள் என்று சொல்லிவிட்டு ஏறினேன்.