கம்பத்தடியில் ஒரு படுக்கை

"நான் இங்கேயே படுத்துக்கறேன்," என்றான் ஆர்வில்.

அவன் இங்கே என்றது, காலையில் சுட்ட மூஸ் மானின் இறைச்சியைத் துணிப்பைகளில் கட்டித் தொங்கவிட்டிருந்த கம்பத்தின் அடியை. அவன் மனைவி டெல்மா கூடாரத்தை அங்கிருந்து விலக்கி, உரக்கக் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், ஆற்றோரம் அடித்திருந்தாள். சமையல் நெருப்பு வேறொரு பக்கம். ரத்தம் பட்ட சட்டைகளைக்கூட அவள் கூடாரத்துக்குள் விடவில்லை.

"கறிக்குப் பக்கத்துல தூங்கினா நீயும் கறிதான்."

"என் மேல என்ன இருக்கு? இந்த எலும்புக்கு யாரு வரப்போறா?"

"மணல்ல தடம் பார்த்தோமில்ல? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

தடம் யாருடையது என்று அவள் சொல்லவில்லை. அந்த வடக்கத்தி ஆற்றோரப் பழங்குடிகளில் பெண்கள் கரடியைப் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. ஆண்கள் அதைப் பற்றி வீறாப்புப் பேசுவதில்லை. எத்தனை தொலைவில் இருந்தாலும் அதற்குக் கேட்கும் என்பார்கள். ஆர்வில் இதைத் தாய்ப்பாலோடு குடித்தவன். ஆனால் அன்று நிமிர்ந்து காட்டைப் பார்த்துச் சொன்னான்:

"வரட்டும். போன வருசம் தின்னுட்டுப் போச்சே, இந்த வருசம் வந்து பார்க்கட்டும்."

பையை இறுக்கிக்கொண்டிருந்த டெல்மாவின் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கெஞ்சினாள். அவன் கம்பத்தடியில் தார்ப்பாயை விரித்தான்.

ஆர்வில் ஊரின் மின்சாரக் கொட்டகையில் இயந்திரம் பார்ப்பவன். அதிகம் பேசாதவன். மூஸ் விழுந்தால் நாக்கையும் நெஞ்சுக்கறியையும் வேட்டைக்கு ஆள் இல்லாத வீடுகளுக்குக் கொடுத்த பிறகே தன் சட்டியை அடுப்பில் வைப்பான். யூக்கான் ஆற்றில் சால்மன் மீன் பிடிக்கத் தடை வந்ததிலிருந்து மீன் உலர்த்தும் பந்தல்கள் வெறுமையாக நின்றன. குளிர்காலத்துக்கு மூஸ்தான் கதி.

போன ஆண்டு பாதிக் கறியைப் படகில் ஏற்றிவிட்டு மீதிக்குத் திரும்பி வந்தபோது, அதன்மேல் மண்ணும் பாசியும் மேடாகக் குவிந்திருந்தன. கரடி தனக்கென்று மூடி வைத்துவிட்டது; இனி அதைத் தொடப் போனால் பாயும். படகில் இருந்த பாதி எத்தனை வீட்டுக்குக் காணும்? விதவையான அவன் தங்கை ஐரிஸின் பிள்ளைகள் அந்தக் குளிர்காலம் முழுக்க டப்பா இறைச்சி தின்றார்கள். ஐரிஸ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்காததே ஆர்விலை அரித்தது. அவள் வீட்டைக் கடக்கும்போது நடையை எட்டிப் போடப் பழகிக்கொண்டான். இந்த ஆண்டு பருவம் முழுக்க அலைந்து, கடைசி நாளில்தான் ஒன்று வாய்த்தது. அதை விட்டுத் தள்ளிப் படுக்க அவனால் முடியவில்லை.

விடியலில் டெல்மாவை எழுப்பியது ஒரு வெடிச்சத்தம். அடுத்த வெடி கேட்கவில்லை. தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தியபடி ஓடினாள். கம்பம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதன் கீழே பழுப்பாக ஒரு முதுகு அசைந்தது. ஆர்விலின் கால்கள் மட்டும் தெரிந்தன. அவன்மேல் பட்டுவிடும் என்று குறிபார்க்கப் பயந்து வானத்தில் சுட்டாள். பிறகு தரையில் சுட்டாள். அது தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. அவசரமே இல்லாமல் ஒரு பையைக் கவ்வி இழுத்துக்கொண்டு புதருக்குள் போனது.

ஆர்விலின் தோள் கிழிந்து தொங்கியது. தொடையிலும் பல் இறங்கியிருந்தது. இறைச்சிப் பைகளைக் கிழித்து இறுகக் கட்டினாள். பேசும் வானொலிக் கருவியில் ஊரைக் கூப்பிட்டுப் பார்த்தாள், இரைச்சல்தான் வந்தது. பனிமூட்டம் மரத்தலைகளைத் தொட்டுக்கொண்டிருந்தது. மீட்பு விமானம் வராது. வந்தாலும் இறங்காது.

படகு இருந்தது. ஆனால் ஆறு வற்றிப்போய், வரும்போதே இரண்டு பேரும் இறங்கித் தள்ளித்தான் மணல்திட்டுகளைத் தாண்டியிருந்தார்கள். இப்போது தள்ள அவள் ஒருத்திதான். ஆளையும் கறியையும் சேர்த்து ஏற்றினால் படகு முதல் திட்டிலேயே உட்கார்ந்துவிடும்.

அவனைத் தார்ப்பாயில் கிடத்தி நீர்விளிம்புவரை இழுத்து வந்தாள். வழியெல்லாம் அவன் சரிந்த கம்பத்தையும் மீதிக் கறியையுமே பார்த்துக்கொண்டு வந்தான். அவள் குனிந்து அவன் அக்குளில் கை கொடுத்தபோது, நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான்.

"முதல்ல கறியை ஏத்து, டெல்மா. எடம் மிஞ்சினா என்னை ஏத்து. வெறும் படகுல என்னைக் கொண்டுபோய் ஐரிஸ் முன்னாடி எறக்கிடாதே."