கண்ணாடிக் கதவருகே காகிதங்கள்

கான்சாஸில் நான்காம் வகுப்பு நடத்தும் லொரீனுக்குச் சூறாவளிப் பயிற்சி தண்ணீர் பட்ட பாடு. அபாயச் சங்கு ஊதினால் பிள்ளைகளைச் சன்னல் கண்ணாடி உடைந்து தெறிக்காத நடைக்கூடத்துக்கு ஓட்டி, சுவரோரம் மண்டியிட வைத்து, பிடரியைக் கையால் மூடச் சொல்ல வேண்டும்.

இந்த வசந்தத்தில் அதையே வகுப்புத் திட்டமாக்கினாள்: கணக்குக்கு அளவெடுப்பு, அறிவியலுக்கு மேகம், மொழிப்பாடத்துக்கு அறிக்கை. மண்டியிட்ட உருவங்களை ஆளளவுக்குக் காகிதத்தில் வெட்டி, பள்ளிப் பிள்ளைகள் எல்லாருடைய பெயரையும் எழுதி, நடைக்கூடத்துத் தரையில் ஒட்டினார்கள்.

"டீச்சர், மழலை வகுப்புக்கு இடமே இல்ல. அவங்க காகிதமெல்லாம் கோடியில இருக்குற கண்ணாடிக் கதவுகிட்ட வந்துடுச்சு," என்றாள் அவள் மாணவி பிரையனா.

"உளறாதடி. வருஷா வருஷம் எல்லாரும் உக்காருறோமே?"

"பயிற்சி மத்தியானம்தானே வைக்கிறாங்க? குட்டிப் பசங்க அதுக்குள்ள வீட்டுக்குப் போயிடுவாங்களே."

லொரீன் காகிதங்களை மறுபடி எண்ணிப் பார்த்தாள். தலைமையாசிரியரிடம் ஓடினாள்.

"பசங்க கணக்கை வச்சு என்னைப் பயமுறுத்தாதீங்க லொரீன். திங்கக்கிழமை பாப்போம்," என்று சிரித்தார் அவர்.

மறுநாள் காலையிலேயே, சூறாவளிக்கு அறிகுறியாக, வானம் பச்சையாகக் கறுத்தது. சங்கு அலறியது. பெரிய பிள்ளைகள் சுவரோரம் நெருங்கி மண்டியிட்டார்கள். மழலை வகுப்பு கயிற்றைப் பிடித்தபடி வரிசையாக வந்தது.

"இங்க வாங்க! என்கிட்ட வாங்க!" என்று லொரீன் தொண்டை கிழியக் கத்தினாள். சங்குச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

"இதோ என் பேரு!" என்று குட்டி மேவிஸ் கயிற்றை விட்டு ஓடி, கண்ணாடிக் கதவடியில் தன் காகிதத்தின் மேல் சமத்தாக மண்டியிட்டாள்.