கோயில் கதவளவு திருக்கை

"என்ரை மோன் சிமியோன் பிடிச்ச திருக்கை, எங்கடை கோயில் கதவளவு. கரையிலை இழுக்க எட்டுப் பேர்!" என்று கைகள் இரண்டையும் பக்கவாட்டில் நீட்டுகிறாள் செபஸ்தியம்மா. நீட்டிய வேகத்திலேயே ஒரு கண்ணைச் சுருக்குகிறாள். "சரி, கதவெண்டது கொஞ்சம் கூடத்தான். யன்னலெண்டு வையுங்கோவன்."

அடுத்த கொட்டில் இராசாத்தி விடமாட்டாள். "போன கிழமை கட்டிலளவு எண்டனீங்கள், அக்கா?"

"செத்த மீனும் என்ரை வாயிலை வளரும், பிள்ளை."

கொட்டில்களில் சிரிப்பு எழும்பும். குருநகர்க் கரையில் ஷெல் விழத் தொடங்கியபின் உடுப்பிட்டிக்கு ஓடிவந்து, பள்ளிக்கூட வளவொன்றில் கிடுகோலை வளைத்துக் குந்தியிருக்கிற சனம் அது. கடல் கண்ணுக்குத் தெரியாத இடம். மீன்கடகம் சுமந்து சுமந்து உச்சித் தலைமயிர் தேய்ந்துபோன செபஸ்தியம்மா, இப்போது அதே கடகத்தில் வெங்காயம் விற்கிறாள்.

மற்றவர்கள் சிரிக்கும்போது அவள் சிரிப்பதில்லை. அவள் பார்வை, கொட்டில் மூலையில் கிடக்கும் மருமகள் யோசப்பினின் புருவத்தில் இருக்கும்.

சிமியோனின் வள்ளம் ஆளில்லாமல் கரையொதுங்கி ஒன்பது மாதம். கடலுக்குப் போகக்கூடாதென்று தடை. போகாவிட்டால் அடுப்பு எரியாது. போனான். அன்றிலிருந்து யோசப்பினுக்குப் பேச்சு இல்லை. ஊட்டினால் நாலு வாய். ஊட்டாவிட்டால் அதுவும் இல்லை. டொக்டர் குளிசை தந்தார். "எப்பிடியாவது கதைக்க வையுங்கோ, அம்மா. இப்பிடியே விட்டால் ஆள் தப்பாது" என்றார்.

ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு யோசப்பின் முதுகைக் காட்டினாள். செபஸ்தியம்மா ஆறுதல் சொல்லவில்லை. மருமகளின் குணம் அவளுக்குத் தெரியும். செபமாலை சொல்லும்போது ஒரு மணி தவறினால், குருவானவரே என்றாலும் நிறுத்தித் திருத்துகிறவள். பிழை பொறுக்காதவள். ஆகவே மாமியார் தூண்டிலில் இரை குத்துவதுபோல நாளுக்கொரு பிழை குத்தினாள். வெள்ளைக் கலியாணச் சீலையைப் பச்சை என்றாள். மண்டைதீவு வரைக்கும் நீந்தின மகனுக்கு நீச்சலே தெரியாது என்றாள். புருவம் ஒருதரம் அசையும், வாய் திறக்காது. "பொய்க்காரி" என்ற பட்டம்தான் மிச்சம்.

நெஞ்சுரம் உள்ள மனுசி என்று ஊர் சொல்லும். கிணற்றடியில் அவள் எத்தனை தரம் முகம் கழுவுகிறாள் என்று ஊர் பார்ப்பதில்லை.

ஒரு நாள் பின்னேரம் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தார்கள். செபஸ்தியம்மாவின் கைகள் அசையாமல் மடியில் கிடந்தன.

"கடைசி நாள் விடிய, தேத்தண்ணியை முழுக்கக் குடிச்சிட்டுத்தான் போனவன். வயிறு சூடாத்தான் போனவன்" என்றாள், தனக்கே சொல்வதுபோல.

இது தூண்டில் அல்ல. அன்று அவள் எழும்பி வந்தபோது மகன் தேத்தண்ணி குடிக்கிற மூக்குப்பேணி வெறுமையாகக் கிடந்தது. ஒன்பது மாதமாக அவள் பிடித்துக்கொண்டு நிற்பது அந்த வெறும் பேணியைத்தான்.

"இல்லை, மாமி."

இராசாத்தியின் வாயில் பனங்கட்டி அப்படியே நின்றது. குரல் மூலையிலிருந்து வந்தது, துருப்பிடித்த குரல்.

"அவர் குடிக்கேல்லை. சூடெண்டு வைச்சிட்டுப் போனவர். நான்தான் பிறகு வெளியிலை ஊத்தினனான்."

"ஓமோ, பிள்ளை?" என்றாள் செபஸ்தியம்மா. பக்கத்திலிருந்த தேத்தண்ணிப் பேணியை எடுத்து ஆறும்வரை ஊதினாள். ஊதி, வாயில் புகட்டாமல், மருமகளின் கையில் வைத்தாள்.