கடித்து வைத்த ரொட்டி

நாரின் என்ற மலையூரில் ஒரு பாலர் பள்ளியின் சமையலறையில் அனார்கான் வெகுகாலமாகக் கஞ்சி கிண்டி வருகிறாள். அங்கே சுவரில் யாரோ எப்போதோ மாட்டிய நாள்காட்டி ஒன்று உண்டு. தென்னை மரம், நீலத் தண்ணீர், மணலில் தனியாகக் கிடக்கும் ஒரு ஜோடிச் செருப்பு. தேதித் தாள்கள் எல்லாம் கிழிந்துபோய்விட்டன, படத்தைக் கழற்ற மட்டும் அவள் யாரையும் விடவில்லை. பனிக்காலத்தில் முழங்கால் குடையும்போதெல்லாம் அந்தச் செருப்பைப் பார்ப்பாள். எந்தப் புண்ணியவதியுடையதோ என்று பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி கரண்டியைப் பிடிப்பாள்.

இந்த மார்ச் மாதம் கடலுக்குப் போக வேளை வந்தது. அவள் புருஷன் தோலோகோன் மினிபஸ் ஓட்டுகிறவன். எதையும் நாலு பேரைக் கேட்டே செய்கிற மனுஷன், இதை மட்டும் யாரையும் கேட்காமல் செய்துவிட்டான். அல்மாத்தியிலிருந்து விமானம், வியட்நாமில் நாச்சாங் என்ற கடற்கரை ஊர், ஒரு வாரம். டிக்கெட் கைக்கு வந்ததிலிருந்து வீடு சந்தைக்கடையாகிவிட்டது.

"கம்பளிக் காலுறை எதுக்குடி?"

"முப்பது டிகிரின்னு நீங்கதானே சொன்னீங்க."

"அடியே, அது வெயில் முப்பது. நம்ம ஊரு பனி முப்பது இல்ல."

"இருந்துட்டுப் போகட்டும். வெயிலை எல்லாம் யாரு நம்புறது?"

காலுறை பெட்டியிலேயே இருந்தது. அதன்மேல் உப்புப் போட்டு உலர்த்திய தயிர் உருண்டைகள் ஒரு பை ஏறின. அந்த ஊரில் என்ன தின்பார்களோ, யார் கண்டது.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சம்பந்தியம்மா போன் செய்கிற வரை. அவள் பெயர் ஊல்கான்; மலைக்கு அந்தப் பக்கம், அத்பாஷியில் இருக்கிறாள். அனார்கானின் ஒரே மகள் கனிஷாய் வாழப்போனது அந்த வீட்டுக்கு. ஊல்கானின் நாக்கு ஊரறிந்த நாக்கு. தன் பக்கத்து வீட்டு வாத்தியார் குடும்பம் கடலுக்குப் போய்வந்தபோது, "சம்பந்தி வீட்டுக்குப் போக நேரமில்லையாம், தண்ணியில ஊறிக் கிடக்க நேரமிருக்காம்" என்று விருந்தில் எல்லோர் முன்னாலும் சொன்னவள். அன்றைக்கு அனார்கான் தட்டிலிருந்த கறியை அப்படியே வைத்துவிட்டாள். மகளிடம் எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேம்மா" என்பாள். எல்லாப் பெண்களும் அதைத்தானே சொல்கிறார்கள். தான் கடலில் கால் நனைக்கப்போய், மகள் அங்கே சொல் கேட்கும்படி ஆகிவிடுமோ என்பதுதான் அவளுடைய பயம்.

அடுத்த வாரம் வருகிறோம் என்று ஊல்கான் சொன்னதும் போனைப் பிடித்திருந்த தோலோகோனுக்கு வாய் குழறிவிட்டது. "அடுத்த வாரம் நாங்க பிஷ்கெக்ல இருப்போம் சம்பந்தியம்மா. வீட்டுல உடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரில காட்டணும்."

அனார்கான் தலையில் அடித்துக்கொண்டாள். இந்த மலைநாட்டில் பிறந்து வளர்ந்தவன் சொல்கிற பொய்யா இது? விருந்துக்கு வராதவர்கள்கூட நோய் விசாரிக்க வராமல் இருக்கமாட்டார்கள். மகளுக்கு மட்டும் ரகசியமாக உண்மையைச் சொல்லிவிட்டு, கிளம்புகிற நாள் வரை யாரும் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், தோலோகோன் பூப்போட்ட அரைக்கால் சட்டையைப் போட்டு அடுப்புப் பக்கம் நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது, வாசலில் கார் நின்றது. பின்னாலேயே ஆடு கத்தியது. நோயாளிக்கு வெறுங்கையோடா வருவார்கள்?

அனார்கான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஓலைத் தொப்பியோடு மெத்தையில் விழுந்து போர்வையை இழுத்துக்கொண்டாள். தோலோகோன் அரைக்கால் சட்டைமேல் ஆட்டுத்தோல் மேலங்கியைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தான். கீழே மயிரடர்ந்த கால் தெரிந்தது.

புருஷனும் மருமகள் கனிஷாயும் பின்னால் வர, ஊல்கான் தோலோகோனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே வந்து மெத்தையோரம் உட்கார்ந்தாள். நெற்றியில் கை வைத்தாள்.

"புத்துநோய்னு சொல்றாங்களே, நிசமா? மறைக்காதே. நேத்திலிருந்து ஒரு வாய் சாப்பாடு எறங்கல எனக்கு."

வயிற்று வலி என்றுகூட இவர்கள் சொல்லவில்லை. ஒரு மலையைத் தாண்டுவதற்குள் அது புற்றுநோயாகிவிட்டது. ஊல்கானின் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. ஒரு பெண்பிள்ளை தனக்காக அப்படி அழுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க அனார்கானால் முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தாள். நசுங்கிய தொப்பி மடியில் விழுந்தது.

"எனக்கு ஒண்ணுமில்ல சம்பந்தி. நாங்க கடலுக்குப் போறோம். நீங்க ஏதாவது சொல்லிடுவீங்களோன்னு பயந்து பொய் சொல்லிட்டோம்."

ஊல்கான் தொப்பியைப் பார்த்தாள். தோலோகோனின் காலைப் பார்த்தாள். சுவரில் சாய்ந்து நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"அப்பாடா. உசுரு வந்துச்சு." பிறகுதான் கோபம் வந்தது. "அறிவிருக்கா உங்களுக்கு? நோயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா வீடு தேடி வந்துடாதா? கடலுக்குப் போறேன்னு சொன்னா நான் என்ன, கடிச்சா தின்னுடுவேன்?"

"கொஞ்சம் கடிப்பீங்க சம்பந்தியம்மா" என்றான் தோலோகோன். வந்த கோபம் சிரிப்பாகிவிட்டது.

அன்று ஆடு அடுப்பேறியது. சாப்பாட்டுக்கு முன் ஊல்கான் ஒரு முழு ரொட்டியை எடுத்து அனார்கான் வாயருகே நீட்டினாள். தூரம் போகிறவர்கள் ஒரு வாய் கடித்துவிட்டுப் போகவேண்டும், மிச்சம் அவர்கள் திரும்பும் வரை ஆணியில் தொங்கும். போகிறவர்களின் சொந்த வீட்டில்தான் அது தொங்குவது வழக்கம். ஊல்கானோ கடித்த ரொட்டியைத் துணியில் முடிந்து தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"இது எங்க வீட்டுல தொங்கட்டும். வந்த கையோட அங்க வந்து தின்னுட்டு, ஒரு வாரம் இருந்துட்டுப் போ. பொய் சொன்னதுக்கு அதுதான் தண்டனை. அந்தத் தொப்பியை இப்படிக் குடு, எனக்கு எப்படியிருக்குன்னு பாப்போம்."

பாத்திரம் கழுவும்போது கனிஷாய் அம்மாவின் காதோடு சொன்னாள். "வழியெல்லாம் நான் சொல்லவும் முடியாம மெல்லவும் முடியாம வந்தேம்மா. உனக்குப் போன் போடலாம்னா, அத்தை என் கையை விட்டாத்தானே. 'அம்மாவுக்கு ஏதாவது ஆனாலும் நான் இருக்கேன்டி, நான் இருக்கேன்டி'ன்னு இதையே சொல்லி அழுதுட்டு வந்தாங்க."

அனார்கான் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். உள்ளறையில் ஊல்கான் கண்ணாடி முன் தொப்பியோடு நின்று புருஷனிடம் ஏதோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் அன்றைக்குத்தான் இறங்கியது. இனி கடலைப் பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி என்று தோன்றியது. ஆனாலும் விடியுமுன் எழுந்து, காலுறை பெட்டியில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.